உயர்நிலைக் கொரிய மொழியும் வீட்டுத் தமிழும்

(யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தில், விடுமுறைத் தமிழ் வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, அறங்காவலர்களே, தமிழ் வகுப்பை நடத்திவரும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகளில் கொரிய மொழி படிப்போர் இரு வகையினர். தென்கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான மொழித்தேர்வை எழுதுவோர் ஒரு வகை. அந்தத் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே உண்டு. யாங்கோனிலோ மாந்தலேயிலோ உள்ள அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டத்துக்காகப் படிப்போர் மறு வகை. நான் இன்று பேச வந்தது இவர்களுக்காக. அதிலும், மூன்றாம் ஆண்டைத் தொட்டதும் ‘இனி நமக்கு ஏறாது’ என்று தளர்ந்துபோகிறவர்களுக்காக.

கொரிய மொழி என்றதுமே மேடைகளில் அப்பாவுக்கு ‘அப்பா’, அம்மாவுக்கு ‘ஒம்மா’ என்று தொடங்கிக் கைதட்டல் வாங்கிவிடுகிறோம். 1905ஆம் ஆண்டிலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்னும் அந்த இனவுறவை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. குழந்தையின் வாயில் முதலில் புரளும் ஒலிகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய இவைதாம். உறவு இல்லாவிட்டால் போகட்டும். உதவி நிறையவே உண்டு, அது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது.

‘மொகொ பொதா’ என்பது சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘ஹே தூதா’ என்றால் ‘செய்து வை’, ‘ஹே ஜூதா’ என்றால் ‘செய்து கொடு’. சாப்பிடுவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஐரோப்பிய மாணவர் திகைத்து நிற்கும் இடத்தில், நம் பிள்ளை நிற்கவே தேவையில்லை. கடைத்தெருவில் அவன் பேசும் பர்மியத்திலும் ருசி பார்க்கச் சொல்வதற்கு ‘தின்’னோடு ‘பார்’ சேர்த்தே சொல்கிறார்கள். அவ்வாறே ‘ஒந்தே’ என்ற ஒரு சொல்லுக்குள் ‘வருகிறானாம்’ என்பதன் ‘ஆம்’ அடங்கிக் கிடக்கிறது. பிறர் சொல்லக் கேட்டதைத் தான் கண்டதிலிருந்து பிரித்துச் சொல்ல, நம் பாட்டிமாருக்கு இலக்கணப் புத்தகம் வேண்டியிருந்ததா?

மூன்றாம் ஆண்டில் திணறவைப்பது காரணம் சொல்லும் உருபுகள். ‘ஆல்’ என்று நாம் ஒரே உருபால் முடித்துவிடும் இடத்தில், கொரியர் மூன்று நான்காகப் பிரிக்கிறார்கள். நன்மை விளைந்தால் ‘தொக்புனே’, தீமை விளைந்தால் ‘தாசே’, எதிர்பாராமல் ஒன்று நடந்து அதனால் கெட்டால் ‘பராமே’. நான் மாணவனாக இருந்தபோது, ‘ஆசிரியரின் தாசே தேர்ச்சி பெற்றேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘எல்லாம் உங்களால் வந்த வினை, தேறித் தொலைத்தேன்’ என்பது போன்ற வாக்கியம் அது. எங்கள் சயாமா, அதாவது ஆசிரியை, அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பித் தந்தார். வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ‘தொக்’ என்பது சீன எழுத்தில் அறம், நற்பண்பு என்னும் பொருளுடையது. ‘உங்கள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்’ என்று என் அம்மா நாள்தோறும் அண்டை வீட்டாரிடம் சொல்வதுதானே இது! ‘பராம்’ என்றால் காற்று; பேருந்து திடீரென்று நின்ற காற்றில் விழுந்தேன் என்று கொரியர் சொல்கிறார்கள். பத்து விதிகளை மனப்பாடம் செய்தும் தங்காதது, அன்று அந்த இரண்டு சொற்களில் தங்கிவிட்டது.

மரியாதை வழக்கையும் இப்படி வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஈ, தா, கொடு என்னும் மூன்றையும், ஒன்றைத் தரும்படி கேட்பவன் இழிந்தவனா ஒத்தவனா உயர்ந்தவனா என்று பார்த்துத் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. கொரிய மொழி பெறுபவரைப் பார்க்கிறது: தம்பிக்குக் கொடுத்தால் ‘ஜூதா’, ஆசிரியருக்குக் கொடுத்தால் ‘துரிதா’. பொங்ஜி, அதாவது புத்த பிக்கு, உறங்குவதற்குப் பர்மியத்தில் தனி வினை இருப்பதை அறிந்த பிள்ளைக்கு, கொரியத் தாத்தா உறங்குவதற்கும் தனி வினை இருப்பது வியப்பாகாது. இடறும் இடம் வேறு. தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர் மூத்தவர் என்பதால் அப்பாவுக்குரிய மரியாதை விகுதியை நீக்கிவிடுவது பழைய கொரிய மரபு. இன்று அது தளர்ந்துவருகிறது என்றாலும், பழைய கதைகளை வாசிப்பவர் அறிந்தே ஆகவேண்டும். ‘அப்பா வந்தான்’ என்று சொல்ல நமக்கு நா எழாது. எனக்கு இன்றும் எழுவதில்லை.

தமிழ் கைகொடுக்காத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கொரியச் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை சீன வேரின. ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருப்பவை அவற்றில் ஏராளம். ‘சூதோ’ என்பது தலைநகரையும் குறிக்கும், குழாய்த் தண்ணீரையும் குறிக்கும். ‘சூதோ துண்டிக்கப்பட்டது’ என்ற செய்தி வரியைத் தலைநகர் துண்டிக்கப்பட்டதாக மொழிபெயர்த்து, வகுப்பையே போர்க்களமாக்கிய பெருமை எனக்கு உண்டு. இதற்குக் குறுக்குவழி கிடையாது. பாலி வேர் தெரிந்தவருக்குப் பர்மியக் கலைச்சொற்கள் எளிதில் பிடிபடுவதுபோல, ‘ஹக்’ என்றால் கல்வி என்று ஒரு முறை மனத்தில் பதித்துக்கொண்டால் பள்ளி, மாணவர், கல்லூரி, அறிவியல் ஆகியவற்றுக்கான சொற்களில் அது வந்து நிற்பது தெரியும். நாளொன்றுக்கு இரண்டு வேர் போதும்.

கடைசியாக, எழுத்து. கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலை முதல் ஆறாம் நிலை வரை ஒரே வினாத்தாள். 300 மதிப்பெண்ணில் 230 எடுத்தால் ஆறாம் நிலை. எழுத்துப் பகுதியின் இறுதி வினா 600 முதல் 700 எழுத்துகளில் ஒரு கட்டுரை கேட்கிறது. அதற்கு மட்டும் 50 மதிப்பெண். பேச்சில் அரும்பாடுபட்டுப் பழகிய ‘யோ’ என்னும் பணிவு விகுதியை அங்கே எழுதினால் மதிப்பெண் குறையும். யாரையும் விளிக்காத, ‘தா’ என முடியும் நடையே கட்டுரைக்கு உரியது. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அசையாக எழுத வேண்டும்; சொற்களுக்கிடையே விடும் இடத்துக்கும் ஒரு கட்டம். அத்தகைய தாள்களில் ஒரு கட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள். ‘தொக்புனே’யை வைத்து இரண்டு வரி எழுதிப் பார்ப்போம். நன்றி, வணக்கம்.