கையில் மின்னூல், அலமாரியில் புத்தகம்

நடுவர் அவர்களே, வணக்கம். "படிப்பதோ திரையில், பிறகு அச்சுப் புத்தகம் எதற்கு? தூசிக்கு வாடகையில்லாமல் வீடு கொடுப்பதற்கா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்ன ஆள் நான்தான்.

ஆம், நான் படிப்பது மின்னூலில்தான். எழுத்தைப் பெரிதாக்கலாம், விளக்கை அணைத்த பிறகும் தொடரலாம், ஆயிரம் பக்க நாவலைப் படுத்தபடி படித்தாலும் மணிக்கட்டு நோகாது. கண் சொக்கினால் மூக்கில் விழத்தான் செய்யும், அடி மட்டும் கொஞ்சம் குறைவு. அதே நாவலின் அச்சுப் பிரதி அலமாரியில் மெருகு குலையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் காசு கொடுத்தவன் நான். என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள். ஏமாளி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். அமேசானின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளில் பலர் வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்கப்பட்டது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லையாம். அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சரி, ஆனால் எந்தக் கடைக்காரராவது விற்ற புத்தகத்தை எடுக்க நம் வீட்டு அலமாரிக்குள் புகுவாரா? பழைய செய்திகளை அரசே அழித்துத் திருத்தும் கதை அது; அதுவே அழிந்தது! 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் திறக்கவில்லை. பொத்தானில் 'வாங்கு' என்றிருக்கும். யாரும் படிக்காத நிபந்தனைகளில், படிக்கும் உரிமம் மட்டுமே என்றிருக்கும். ஆகவே உரிமத்தில் படிக்கிறேன், உடைமையாகக் காகிதத்தை வைத்திருக்கிறேன்.

இடம் அடைக்கிறது என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை; எங்கள் வீட்டிலும் அந்த வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது.

ஆனால் நான் இலக்கணம் படித்தாலும் துப்பறியும் கதை படித்தாலும் வீட்டுக் குழந்தை பார்ப்பது ஒரே சாம்பல் பலகையைத்தான். அலமாரி அப்படியா? முதுகைக் காட்டிக்கொண்டே ஆளைக் கூப்பிடுவது புத்தகம் ஒன்றுதான். வந்தவர் உருவுகிறார், புரட்டுகிறார், இரவல் கேட்கிறார்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். எதிரணித் தலைவர் போன வருடம் என் வீட்டுக்கு வந்தபோது அப்படித்தான் ஒன்றை உருவிக்கொண்டு போனார். ஐயா, அதன் மின்னூல் என்னிடம் இருக்கிறது, அவசரமில்லை. ஆனாலும் திருப்பித் தந்துவிடுங்கள்.