குதிகால் வலியும் ஒரு சான்றிதழும்

(தன்னார்வப் பயிற்சியாளர்கள் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், காலை பிராக்டிஸை முடித்த கையோடு டிராக் சூட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உள்ளே நுழையும்போதே ஒரு தம்பி என்னை மடக்கிவிட்டார். "சார், பதினோரு வருஷமா பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். ஒரு ரூபா வாங்கினதில்ல. இப்ப வந்து லீக்ல கோச் லைசென்ஸ்னு ஒரு சான்றிதழ் இருந்தாத்தான் டீம் பெஞ்சில உட்காரலாம்னா நான் எங்க சார் போவேன்?"

நியாயமான கோபம். அவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர். டி லைசென்ஸ், அதற்கு மேலே சி, பி, ஏ, புரோ என்று கால்பந்தில் ஓர் ஏணியே நிற்கிறது. கீழ்ப்படியான டி-க்கே சில நாள் தொடர்ந்து வகுப்பில் இருந்தாக வேண்டும். கட்டணத்தை விடுங்கள். நாள் கூலி 900 என்று வைத்துக்கொண்டால், ஆறு நாள் பட்டறைக்குப் போகாவிட்டால் 5,400 ரூபாய் போச்சு. பஸ், சாப்பாடு, தங்கல் எல்லாம் தனி. என்னைப் போன்ற வாத்தியாருக்கு இந்தக் கணக்கே கிடையாது. பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை நான் முடித்தது கோடை விடுமுறையில். சம்பளம் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். இதைச் சொல்லாமல் பேச்சைத் தொடர்ந்தால் நான் யோக்கியன் இல்லை.

ஆனால் அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

வகுப்பெடுத்த டாக்டர் பலகையில் ஒரு குதிகாலை வரைந்தார். எட்டு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும் அந்த எலும்பின் பின்பகுதி இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது, வளர்ந்துகொண்டிருக்கும் குருத்து என்றார். கெண்டைக்கால் தசை அதைப் பிடித்து இழுக்கும். ஓட ஓட வலிக்கும். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் பையன் துள்ளுவான். ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும். அவ்வளவுதான் பாடம்.

அதற்கு முந்தைய வருஷம் என் டீமில் ஒரு பையன். பன்னிரண்டு வயது. நல்ல ஓட்டக்காரன். நொண்டிக்கொண்டே வந்து "குதிகால் வலிக்குது சார்" என்றான். "சோம்பேறிப் பயலே, வெயிலுக்குப் பயந்து நடிக்கிறியா, இன்னும் நாலு ரவுண்டு ஓடு" என்றேன். ஓடினான். இரண்டு வாரம் கழித்து வரவில்லை. பிறகு வரவே இல்லை. நான் கெட்டவன் இல்லை ஐயா. என் வாத்தியார் என்னிடம் என்ன சொன்னாரோ அதையே நான் அவனிடம் சொன்னேன்.

கபடிக்காரர்களுக்கு வேறு கதை இருக்கிறது. 45 கிலோ, 50 கிலோ, 55 கிலோ எடைப் பிரிவு என்று ஊருக்கு ஊர் பேனர் கட்டிப் போட்டி நடக்கிறது. எடை போடும் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து பையன்களுக்குத் தண்ணீர் கிடையாது. மே மாத வெயிலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறான், எச்சிலைத் துப்பித் துப்பி எடை குறைக்கிறான். தராசில் முள் சரியாக நின்றதும் எல்லோரும் கைதட்டுகிறோம். வியர்த்தால்தான் உடம்பு சூடு தணியும். வியர்க்கத் தண்ணீர் வேண்டும். அதை முந்தைய நாளே பிடுங்கிவிட்டு மறுநாள் மதியம் ரெய்டுக்கு அனுப்புகிறோம். மயங்கி விழுந்தால் முகத்தில் சோடா தெளிக்கிறோம். இதயமே நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி உயிரைக் காக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, பயிற்சி வேண்டும். அது எப்படிப்பட்ட பயிற்சி என்பதில்தான் எனக்குத் தகராறு. அமெரிக்காவில் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களை வைத்து பார்னெட், ஸ்மால், ஸ்மித் என்ற மூவர் 1992-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீசனுக்கு முன்னால் சில பயிற்சியாளர்களை இரண்டரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார்கள். தப்புச் செய்தால் திட்டாதே, தைரியம் சொல்லிவிட்டுத் திருத்து, முயற்சியைப் பாராட்டு, இவ்வளவுதான் சேதி. அடுத்த வருஷம் பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் 5 சதவீதம்தான். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரம்! நம்ம ஊர் பள்ளி வராந்தாவில், தமிழில், பட்டறை மூடிய பிறகு ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சான்றிதழ் ஒருவருடைய குணத்துக்குச் சாட்சி சொல்லாது. சுவரில் நான்கு ஃபிரேம் மாட்டியவரிடமும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம். தன்னார்வலருக்கு அதில் விலக்கு கிடையாது. இதையும் அந்த இரண்டரை மணி நேரத்தில் சேர்க்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது? கேட்கிறவர் ஏற்கட்டும். லைசென்ஸ் கட்டாயம் என்கிற லீக், டீமுக்கு டீம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. கபடிப் போட்டியில் ஆளுயரக் கோப்பை, நான்காம் பரிசு வரை ரொக்கம், ராத்திரி முழுக்க வாணவேடிக்கை. அந்த வாணத்துக்குச் செலவாகும் காசில் ஒரு தம்பியின் ஆறு நாள் கூலியைக் கொடுக்க முடியாதா? கட்டணத்தோடு கூலியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். விழாக் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள், எனக்கு முகம் தெரிகிறது.

பேசியது போதும். பின்னால் பெஞ்சில் ஒரு பொம்மை கிடத்தியிருக்கிறோம். மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடி வைத்து, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும். கட்டணம் இல்லை, ஆளுக்குப் பத்து நிமிஷம். வெல்டிங் தம்பி, நீங்கள் முதலில் வாங்க.