மலைக்கு ஒரு வாரம் வேண்டும், மதுரைக்கு ஓர் இரவு போதும்

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் நம் குடியிருப்பின் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

திடீரென்று கிடைத்த விடுப்பில் கணவனும் மனைவியும் போகவேண்டிய இடம் மலையா, நகரமா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் நகரத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். மலையில் குளிர்ச்சி இருக்கிறது, அமைதி இருக்கிறது, தனிமை இருக்கிறது. அப்புறம் ஓர் உவமையும் சொன்னார். சென்னையில் இருப்பவர்கள் இன்னொரு நகரத்துக்குப் போவது, வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் மறுபடியும் சாம்பார் சாதம் சாப்பிடுவது போல என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, பக்கத்து வீட்டு சாம்பாரின் ருசி வேறு என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதில் போட்ட காய் வேறு, பெருங்காயம் வேறு, பரிமாறும் கை வேறு.

எதிரணியினர் தலைப்பில் ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். திடீரென்று. அந்தச் சொல்லில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் எனக்கு விடுமுறை. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அடுத்து வரும் சனி, ஞாயிறு ஓய்வா இல்லையா என்பது வியாழக்கிழமை மாலைதான் அவருக்கே தெரியும். இரண்டு பேர் விடுமுறையும் ஒன்றாக விழுவது வருடத்தில் நாலைந்து தடவை. அப்படி விழுந்த வாரத்தில் என் மாமியார், "பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்க" என்று சொன்னால், எங்கள் கையில் இருப்பது வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை. நாற்பத்தெட்டு மணி நேரம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பயணம் என்றாலே கடைசி நேரப் பயணம்தான்.

இந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை மலைக்குக் கொடுத்துப் பார்ப்போம். வெள்ளி இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம் என்று ஆசை வரும். 46 கிலோமீட்டர் பாதை, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில். மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் வியாழக்கிழமை மாலை நினைத்துச் சனிக்கிழமை காலை அதில் உட்கார முடியுமா? இரண்டு மாதம் முன்பே காத்திருந்து பதிவு செய்கிறவர்களுக்கே இடம் கிடைப்பது கஷ்டம். சரி, பேருந்தில் ஏறுங்கள். மேலே போய், அறை எடுத்து, குளித்து வெளியே வந்தால் மதியம். மறுநாள் பிற்பகலில் மூட்டை கட்டவேண்டும். நடுவில் ஒரு சாயங்காலம், ஒரு காலை நேரம். அவ்வளவுதான் மலை.

நாங்கள் அதையும் செய்து பார்த்தோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், இதே மாதிரி திடீரென்று கிளம்பினோம். வாடகைக் கார். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு கொண்டை ஊசி வளைவில் முக்கால் மணி நேரம் அசையவில்லை. மேலே போனால், அவசரத்தில் பதிவு செய்த அறையின் ஜன்னலைத் திறந்தால், படத்தில் பார்த்த பள்ளத்தாக்கு இல்லை, பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஏரிக்குப் போனால் படகுக்கு வரிசை. சாப்பாட்டுக்கு வரிசை. இறங்கும்போதும் வரிசை. திரும்பி வரும்போது அவர் சொன்னார், "இந்த ரெண்டு நாளா நாம டிரைவர்கிட்டயும் ரிசப்ஷன்லயும்தான் பேசியிருக்கோம்." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த வருடம் கிளம்ப முடிந்த ஒரே வாய்ப்பு அப்படிப் போயிற்று.

மலை மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டால், மலையின் பக்கம் நின்றும்தான் பேசுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும் என்று ஆனது. அடுத்த கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏன்? அந்தச் சாலை அவ்வளவுதான் தாங்கும், அங்கே உள்ள தண்ணீர் அவ்வளவு பேருக்குத்தான் போதும். நினைத்தவுடன் ஓடிப்போய் ஏறுவதற்கான இடம் அது இல்லை. ஒரு வாரம் ஒதுக்கி, கூட்டமில்லாத மாதமாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டிய பெரியவர் வீடு மாதிரி.

நகரம் அப்படி இல்லை. நான் மதுரையைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஏமாற்றத்துக்கு அடுத்து நாங்கள் போன ஊர் அது. மதுரை நமக்காகக் காத்திருக்கும் ஊர் இல்லை. அது தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்குக்காக வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், ஜவுளி எடுக்க வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்று நாள் தவறாமல் ஆள் வந்து போகும் இடம். அதனால்தான் ரயில் நிலையத்துக்கு எதிரே, டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் அவ்வளவு தங்கும் விடுதிகள். வியாழன் இரவு போன் செய்தாலும் அறை கிடைத்தது. முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் கஷ்டம். கிளம்புமுன் தினசரிக் காலண்டரை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். சித்திரைத் திருவிழா நாட்களும் வேண்டாம், அது வேறு கணக்கு.

போக வழியும் ஒன்றல்ல. ரயிலில் கடைசி நேர முன்பதிவான தட்கல், முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏசி, பதினொரு மணிக்குத் தூங்கும் வசதி என்று திறக்கும்; வியாழன் மாலை பார்க்கும்போது அதில் மிச்சம் இருந்தால் நம் அதிர்ஷ்டம். தென் மாவட்டத்துக்கு இரவில் எத்தனை ரயில்! ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்று. எதுவுமே கிடைக்கவில்லையா, கிளாம்பாக்கத்துக்குப் போய் பஸ் ஏறிவிடலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். விடியும்போது மதுரை.

எதிரணியினர் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள். மதுரையில் வெயில் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த ஊருக்கே அது தெரியும். மீனாட்சி அம்மன் கோயில் விடிகாலையில் திறந்து நண்பகலில் நடை சாத்துகிறது, மாலை நான்கு மணிக்கு மறுபடி திறக்கிறது. நாங்களும் கோயிலைப் போலவே இருந்தோம். காலையில் சுற்றினோம், மதியம் படுத்துத் தூங்கினோம், மாலையில் மறுபடி கிளம்பினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மதியத் தூக்கம் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. இரண்டு பேரும் வெளியே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்தோம். கையில் எதுவும் இல்லை, பார்க்கத் தண்ணீரும் கோபுரமும்தான். முதலில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசினோம். அப்புறம் அவருடைய அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் பேசினார். எனக்குத் தெரியாத விஷயங்கள். வீட்டில் சொல்ல அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே வந்தால் வீதிகள். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில், கடைசியாக வெளி வீதிகள். வழி தவறிப்போனாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிடலாம். மேல மாசி வீதியில் ஒரு கட்டிடத்தின் முன் அவர் நின்றார். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறியது அங்கேதான். இப்போது கீழே கதர்க் கடை இருக்கிறது. அவருக்கு அங்கே ஒரு துண்டு வாங்கினேன். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடியுமா என்று பார்த்தோம், இரண்டு பேர் கையும் சேர்த்தாலும் எட்டவில்லை.

இரவைப் பற்றிச் சொல்லாமல் மதுரையைச் சொல்ல முடியாது. பகல் கடைகளுக்கு நாளங்காடி, இரவுக் கடைகளுக்கு அல்லங்காடி என்று சங்க காலத்திலேயே இரண்டு பெயர் வைத்திருந்த ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேல் சூடாக இட்லியும் நாலு விதச் சட்னியும், அவருக்குக் கறிதோசை, நடந்துகொண்டே ஜிகர்தண்டா, பஸ் நிலையத்துப் பக்கம் சுக்கு மணக்கும் பருத்திப்பால். மதுரை மல்லி இரண்டு முழம் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

ஆனால் நான் இந்த மேடைக்கு வந்தது ஒரு காட்சியைச் சொல்லத்தான். இரவு நடை சாத்துவதற்கு முன் சுந்தரேஸ்வரர் சந்நிதியிலிருந்து சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு நாளும். ஊரையே ஆளுகிறவள் அம்மன். அவள் வீட்டுக்குச் சுவாமி வருகிறார், நாள் முடிவதற்குள் இரண்டு பேரும் ஓர் இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து அவர் வரும்போது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அந்தப் பல்லக்கு போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை நாள்தான் இருக்கிறது, மதுரை தூரம் என்கிறீர்களா? புதுச்சேரி இருக்கிறது, ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை வரை அது நடப்பவர்களின் சாலை. பாரதி 1908 முதல் பத்து வருடம் இருந்த ஊர், அவர் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. தொடர் விடுமுறையில் மட்டும் அறை வாடகை ஏறிவிடும். அந்த வாரம் காஞ்சிபுரம் போங்கள், தஞ்சாவூர் போங்கள்.

கடைசியாகத் தனிமை. நகரத்தில் தனிமை ஏது என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஐயா, எங்கள் வீட்டில் ஆறு பேர். தெருவில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டீ குடிக்கப் போனாலும் யாராவது வந்து வங்கிக் கடனைப் பற்றிக் கேட்பார்கள். மாசி வீதியில் அந்த இரவு எங்களைச் சுற்றி நூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. இட்லிக் கடைக்காரர் மட்டும், "அக்காவுக்கு இன்னும் ரெண்டு வைக்கட்டுமா அண்ணே" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இலையை நீட்டினேன். மணி பதினொன்றரை இருக்கும், வீட்டுக்குப் போன் செய்யவேண்டும் என்றுகூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.