400 கெஜம், நொடிக்கு 40 பிட்

வணக்கம் நண்பர்களே. இணையம் ஏன் படுத்துவிடுவதில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஒரு பாதை அறுந்தால் தரவு வேறு பாதையில் போய்விடும். சரிதான், தரவுக்கு வழிகாட்டும் கருவிகளான ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒரு பாதையும் அறுபடாமலே இணையம் மூச்சுத் திணறிய கதை ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

1986 அக்டோபர், கலிபோர்னியாவின் பெர்க்லி. மலைச்சரிவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம், அதன் கீழே பல்கலைக்கழகம். இடைத்தூரம் 400 கெஜம்; பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம். தரவு சிறு சிறு துண்டுகளாகத்தான் போகும்; அவற்றுக்குப் பாக்கெட் என்று பெயர். நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த அந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு இறங்கியது. எழுத்துக்கு எட்டு பிட் என்று வைத்தால் நொடிக்கு ஐந்து எழுத்து. கை தேர்ந்த தட்டச்சர் இதைவிட வேகமாக அடிப்பார்! கம்பி அறவில்லை, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லாம் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருந்தன. வினையே அங்குதான்.

பாக்கெட்டுகளைக் கொண்டு சேர்க்க இணையத்தின் அடியில் இருக்கும் விதிமுறையான ஐ.பி. எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. ரவுட்டருக்கு வரும் பாக்கெட் வரிசையில் நிற்கும். வரிசையில் இடமில்லையா, ரவுட்டர் அதைத் தூக்கி எறிந்துவிடும். தொலைந்ததைக் கண்டுபிடித்து மீட்பது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பாடு. அதற்கான விதிமுறைதான் டி.சி.பி.; வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-ல் வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்தது. பாக்கெட் கிடைத்ததும் பெறும் கணினி ஒப்புகை அனுப்பும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால், அனுப்பிய கணினி அதே பாக்கெட்டை மறுபடியும் அனுப்பும்.

இப்போது வரிசை நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் தொலையவில்லை, வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒப்புகை தாமதமாகிறது. பொறுமையில்லாத கணினி இன்னொரு பிரதியை அனுப்புகிறது. வரிசை மேலும் நீள, ஒப்புகை மேலும் தாமதமாக, இன்னொரு பிரதி. கடைசியில் கம்பி நிறைய ஓடுவது ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றின் பிரதிகள்தான். கணினிப் பொறியாளர் ஜான் நேகிள் 1984-லேயே, ஆர்.எஃப்.சி. 896 என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்பில், இப்படி நடக்கும் என்று எழுதி வைத்திருந்தார். எச்சரிக்கை ஒரு பக்கம் கிடக்க, நடப்பது நடந்தது.

ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் மைக் கேரல்ஸுடன் சேர்ந்து இதைக் குடைந்தார். அவர்கள் பிடித்த அடிப்படை விதி நம் கல்யாணப் பந்திதான்: ஒருவர் கை கழுவ எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை. பழைய பாக்கெட் ஒன்று வெளியேறியதற்கு ஒப்புகை வந்தால்தான் புதியது உள்ளே போகலாம். தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று ஏற வேண்டும். ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சராசரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும்.

திரையில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கியபோது எடுத்தது. கோடு ஏறுகிறது, ஏறுகிறது, சட்டென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ரம்பப் பல் மாதிரி இருப்பதைப் பார்த்து இணைப்பில் கோளாறு என்று நினைக்காதீர்கள். எங்கோ ஒரு ரவுட்டர் பாக்கெட்டை எறிந்திருக்கிறது, அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டு மறுமுனைக் கணினி வேகத்தைக் குறைத்திருக்கிறது. எறிவதும் ஒரு தகவல்தான்.

இதில் என்னை அசத்துவது, ரவுட்டர்களைத் தொடாமலே இதைச் சாதித்தார்கள் என்பது. 1988-ல் வந்த, பெர்க்லியின் இயங்குதளமான பி.எஸ்.டி. யூனிக்ஸின் டஹோ பதிப்பில் இந்த நிரல் சேர்ந்தது. முனைக் கணினிகள் அடக்கமாக நடக்கத் தொடங்கின. யாரும் சட்டம் போடவில்லை. 'எல்லோரும் குறைக்கட்டும், நான் மாட்டேன்' என்று ஒரு கணினி அடம்பிடித்தால் அதற்குக் கூடுதல் பங்கே கிடைக்கும். அணுகுண்டுக்கும் அசையாத இணையம் என்றெல்லாம் பெருமை பேசுகிறோம். அன்றாடம் அதைக் காப்பாற்றுவது இந்தத் தன்னடக்கம்.

அந்த அடக்கத்துக்கும் சோதனை வராமல் இல்லை. 2016-ல் கூகுள் பி.பி.ஆர். என்ற புதிய முறையை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஜேக்கப்சனும் ஒருவர். தொலைந்த பாக்கெட்டை நம்பாமல், பாதையின் கொள்ளளவையும் தாமதத்தையும் நேரடியாக அளக்கும் முறை அது. வேகமானதுதான். ஆனால் அதன் முதல் பதிப்பு, பழைய முறையில் ஓடும் இணைப்புகளின் பங்கையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அதை அடுத்த காணொளியில் வைத்துக்கொள்வோம்.