நிறுவனங்களின் நன்னடத்தை நெறிமுறை: மீறினால் கேட்பது யார்?

[திரையில்: கராச்சி, 2012]

2012 ஆகஸ்டில், கராச்சியின் பால்டியா பகுதியில் இருந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வழங்கப்பட்டது. கூலி, வேலை நேரம், பாதுகாப்பு எல்லாம் முறையாக இருக்கின்றன என்று உலகுக்குச் சொல்லும் சான்றிதழ் அது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்தபோது வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. சன்னல்களை இரும்புக் கம்பிகள் அடைத்திருந்தன. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

[திரையில்: ஒரு நெறிமுறை ஆவணத்தின் முதல் பக்கம்]

தங்களுக்குப் பொருள் செய்து தரும் ஆலைகள் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெருநிறுவனங்கள் தாமே எழுதி வெளியிடும் விதிகளையே நன்னடத்தை நெறிமுறை என்கிறோம். ஆடைத் துறையில் லீவை ஸ்ட்ராஸ் 1991இலும் நைக்கி 1992இலும் இதைத் தொடங்கிவைத்தன. குழந்தைத் தொழில், கட்டாய உழைப்பு, பாகுபாடு ஆகியவற்றைத் தடுப்பதும், சங்கம் அமைக்கும் உரிமையை மதிப்பதும் பெரும்பாலான நெறிமுறைகளில் இடம்பெறுகின்றன. வாசகங்களில் பல, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே, எழுதப்பட்டதில் பெரிய குறை இல்லை.

குறை, அதை எழுதியவர் யார், ஏற்றவர் யார் என்பதில்தான் இருக்கிறது. வாங்கும் நிறுவனம் எழுதுகிறது, ஆலை முதலாளி ஒப்புக்கொள்கிறார். யாருடைய உரிமைக்காக எழுதப்பட்டதோ அந்தத் தொழிலாளிக்கு அதில் கையெழுத்தும் இல்லை, மீறப்பட்டால் வழக்காடும் வழியும் இல்லை.

[திரையில்: இரண்டு வருகைப் பதிவேடுகள், அருகருகே]

நெறிமுறை பின்பற்றப்படுகிறதா என்று ஆலைக்கு வந்து பார்க்கும் தணிக்கை நாளை நினைத்துப் பாருங்கள். தேதி பல வேளைகளில் முன்பே தெரிந்துவிடும். ஓவர்டைம் மணிகளைக் குறைத்துக் காட்டும் இன்னொரு பதிவேடு மேசைக்கு வரும். தணிக்கையாளரின் கட்டணத்தைப் பெரும்பாலும் ஆலையே செலுத்துகிறது. தொழிலாளியிடம் கேள்வி கேட்கப்படுவது ஆலை வளாகத்துக்குள். அவர் மறுநாளும் அதே மேற்பார்வையாளரின் கீழ்தான் வேலை செய்தாக வேண்டும். இந்த நிலையில் அவர் உண்மையைச் சொல்லவில்லை என்று யாராலும் குறைகூற முடியாது.

இதைவிட ஆழமான முரண் ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரு பிரிவு, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஆலைக்கு எழுதுகிறது. கொள்முதல் பிரிவோ விலையைக் குறைக்கச் சொல்லி, கடைசி நேரத்தில் வடிவமைப்பை மாற்றி, ஏற்றுமதித் தேதியை மட்டும் மாற்ற மறுக்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாத ஆலை, ஆர்டர் தரும் பிரிவுக்கே பணிகிறது.

நெறிமுறைகளால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கழிப்பறை, குடிநீர், தீயணைப்புக் கருவி போன்ற கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் பல ஆலைகள் முன்னேறியிருக்கின்றன. சங்கம் சேரும் உரிமை, வாழப் போதுமான கூலி ஆகியவற்றில்தான் நெறிமுறைகளின் கை எட்டுவதே இல்லை.

[திரையில்: சவார், வங்கதேசம், 2013]

2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சில, நெறிமுறைத் தணிக்கைக்கு ஏற்கெனவே உட்பட்டவை. மறுத்து நிற்க ஒரு சங்கம் இருந்திருந்தால் அந்தக் காலை வேறுவிதமாக விடிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த மாதமே உருவான வங்கதேசப் பாதுகாப்பு உடன்பாட்டில், வாங்கும் நிறுவனங்களுடன் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் சம தரப்பாகக் கையெழுத்திட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை அதில் இருந்தது. நிறுவனம் வாக்குத் தவறினால் நடுவர் மன்றத்துக்குச் செல்லும் வழியும் இருந்தது.

2016இல் சங்கங்கள் அந்த வழியைப் பயன்படுத்தி, இரண்டு நிறுவனங்கள் மீது திஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. அவற்றில் ஒரு நிறுவனம் 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 20 லட்சம், 150க்கும் மேற்பட்ட ஆலைகளில் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய ஒதுக்கப்பட்டது.