சமர்ப்பணப் பக்கத்தில் இருக்கும் பெயர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

புத்தகத்தைக் கையில் எடுத்தால் சமர்ப்பணப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே முன்னுரைக்குப் போவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். இன்று அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சையித், கீழை உலகை மேற்கு எப்படிக் கற்பனை செய்தது என்று அலசி 1978-ல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூலை ஜேனட், இப்ராகிம் என்ற இருவருக்குச் சமர்ப்பித்தார். 1993-ல் வந்த 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலைப் பாகிஸ்தானிய அரசியல் சிந்தனையாளர் இக்பால் அகமதுவுக்குக் கொடுத்தார். உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ், லெபனானின் பெய்ரூத்தில் வாழ்ந்த காலத்துக் கவிதைத் தொகுப்பைப் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத்துக்கு அர்ப்பணித்தார். இவை வெறும் நன்றி மரியாதைகள் அல்ல. சொந்த நாடு கைவிட்டுப்போன ஆட்களுக்கு நண்பர்தான் பல்கலைக்கழகம், பதிப்பகம், சில சமயம் நாடும் கூட. அவர்கள் விட்டுப்போனதைத் தேட வேண்டுமென்றால் அடுத்தவர் எழுதிய புத்தகத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

அந்த இப்ராகிம் யார்? இப்ராகிம் அபு-லுகோத், பாலஸ்தீனத் துறைமுக ஊரான யாஃபாக்காரர், 1929-ல் பிறந்தவர். 1948 மே மாதம், யூதப் படைகளிடம் ஊர் விழுகிற நேரத்தில், கப்பலேறிப் போனார். அப்போது வயது 19. பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, அங்கே இளங்கலை படித்துக்கொண்டிருந்த சையித்தைப் பார்த்தார். ஜெருசலேமில் பிறந்த சையித் அப்புறம் கொலம்பியாவில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஆனார். நாவலாசிரியர் ஜோசப் கான்ராடைப் பற்றி எழுதிக்கொண்டு, அரசியலுக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தார். 1967-ல் அரபு-இஸ்ரேல் போர் வந்தது. மறு வருடம் அபு-லுகோத் ஒரு பத்திரிகைச் சிறப்பிதழுக்காக அவரிடம் கட்டுரை கேட்டார்: அமெரிக்கப் பத்திரிகைகளிலும் பொதுப்பேச்சிலும் அரபியர் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள், எழுதிக் கொடு என்று. 'ஓரியண்டலிசம்' அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது என்று பிறகு சையித்தே சொன்னார். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகத் துறைகளைப் புரட்டிப்போட்ட ஒரு நூல், நண்பரின் நச்சரிப்பில் தொடங்கியது.

இடையில் ஒன்று. ஜேனட்டைப் பலர் இப்ராகிமின் மனைவி என்று மட்டும் கடந்துவிடுகிறார்கள். ஜேனட் அபு-லுகோத் கெய்ரோ நகரத்தின் வரலாற்றை எழுதியவர். ஐரோப்பா தலையெடுப்பதற்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு உலக வணிகப் பின்னல் இருந்தது என்று 1989-ல் பெரிய நூல் போட்டவர். இந்த நட்பு வட்டங்களைப் பற்றிப் பேசினால் ஆண்கள் பெயராகவே வந்து விழுகிறது. நானும் இன்று அதிகம் தப்பிக்கப் போவதில்லை.

சரி, இக்பாலுக்கு வருவோம். பீகார் கிராமத்தில் பிறந்தவர். நிலத் தகராறில் தந்தை கொல்லப்பட்டதைச் சிறுவனாக இருந்தபோது கண்ணால் பார்த்தவர். 1947-ல் பாகிஸ்தான் போனார், அங்கிருந்து அமெரிக்கா. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த காலத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்தார். 1971-ல் அமெரிக்க அரசு அவர்மீது ஒரு வழக்குப் போட்டது. அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரைக் கடத்தத் திட்டமிட்டாராம்! கூடக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்றால் வியட்நாம் போர் எதிர்ப்புக் கத்தோலிக்கப் பாதிரியார்கள், கன்னியாஸ்திரி, முன்னாள் பாதிரியார். அவர்களுக்கு நடுவே ஒரு பாகிஸ்தானிய முஸ்லிம். மறு வருடம் ஹாரிஸ்பர்க்கில் விசாரணை நடந்தது. சதிக் குற்றச்சாட்டில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவே இல்லை.

வழக்கு போய்விட்டது, வேலை கிடைக்கவில்லை. 1967-க்குப் பிறகு பாலஸ்தீனியருக்காகப் பேசியதால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சக ஆசிரியர்களே ஒதுங்கிப்போனார்கள். 1982-ல் ஹாம்ப்ஷையர் கல்லூரி அழைக்கும் வரை நிலையான பேராசிரியர் பதவி என்று எதுவும் இல்லை. சையித்துக்குக் கொலம்பியாவில் அசைக்க முடியாத நாற்காலி இருந்தது, இக்பாலுக்குப் பெட்டிதான் இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு அவர்களுக்கிடையே கசப்பாகாமல் இருந்தது சாதாரணமில்லை.

பெய்ரூத்தில் ஒரு இரவைப் பற்றி சையித் எழுதியிருக்கிறார். பாகிஸ்தானில் ஜியா-உல்-ஹக்கின் ராணுவ ஆட்சியில் இருக்க முடியாமல் வந்த ஃபைஸ், ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் 'லோட்டஸ்' இதழை அங்கிருந்து நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சாதாரண உணவகத்தில் ஃபைஸ், இக்பால், சையித் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபைஸ் கவிதை சொல்கிறார். முதலில் சையித்துக்காக இக்பாலும் அவரும் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். நேரம் ஆக ஆக அதையும் விட்டுவிடுகிறார்கள், உருது மட்டும் ஓடுகிறது. சையித்துக்கு ஒரு வரி புரியவில்லை, ஆனாலும் எழுந்து போகவில்லை. இரண்டு பேர் ஒரு மேசையருகே ஊர் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற பொருளில் பிறகு எழுதினார். 1982-ல் இஸ்ரேலியப் படை வந்ததும் ஃபைஸ் பெய்ரூத்தை விட்டார்.

இதையெல்லாம் கேட்டால் கவிதையும் கண்ணீருமாக இருந்தார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. அராஃபத்தின் ஆட்களிடம் இக்பால் நேருக்கு நேர் சொன்னார்: ஆயுதம் அல்ஜீரியாவுக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது, இஸ்ரேலை அற ரீதியாகத் தனிமைப்படுத்துங்கள், அகதிகள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்புகிறோம் என்று எல்லையை நோக்கி நடக்கட்டும். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அத்தோடு சரி. உங்கள் பக்கத்தில் நிற்கிறேன் என்பவன் கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற இயக்கங்கள் இன்றும் குறைவில்லை.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. அம்பலவாணர் சிவானந்தன், யாழ்ப்பாணம் சண்டிலிப்பாய்க் குடும்பம். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் போனால், அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல் அடித்துக்கொண்டிருக்கிறது. இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார். 1972-ல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து அதன் நிர்வாகத்தையே வெளியேற்றினார்கள். நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த பெரிய கம்பெனிப் பணம் போனது. 1974-ல் அதன் இதழ் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' என்று பெயர் மாறியது. இக்பால் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார். 'ஓரியண்டலிசம்' பற்றிய விமர்சனங்களுக்கு 1985-ல் சையித் எழுதிய பதில் அந்த இதழிலும் வந்தது. "நீங்கள் அங்கே வந்ததால் நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று முன்னாள் காலனிகளிலிருந்து குடியேறியவர்கள் சார்பில் சிவானந்தன் சொன்ன வாக்கியம் இன்று யார் சொன்னது என்று தெரியாமலே பதாகைகளில் நடமாடுகிறது.

இக்பால் கடைசியில் இஸ்லாமாபாத் திரும்பினார். இடைக்கால அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் பெயரால் 'கல்தூனியா' என்று ஒரு பல்கலைக்கழகம் கட்டுவது கனவு. நிலம் விஷயத்திலேயே அது சிக்கி நின்றது. 1999 மே மாதம் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை எழுத்தெல்லாம் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தது. அவருடைய நேர்காணல் நூல் 2000-ல் சையித்தின் முன்னுரையோடு வந்தது, தேர்ந்தெடுத்த கட்டுரைகள் 2006-ல்தான் ஒரே தொகுதியாயின.

அபு-லுகோத் வேறு வழியில் போனார். 1990-களின் தொடக்கத்தில் மேற்குக் கரைக்குத் திரும்பி பிர்ஸெய்த் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பாலஸ்தீனப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் மையத்துக்குத் தலைமை தாங்கினார். அராஃபத் 1993-ல் இஸ்ரேலோடு செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்த சையித்தின் நூல்களை, அதே ஒப்பந்தத்தால் வந்த அராஃபத்தின் நிர்வாகம் 1996-ல் தடை செய்தது. ஒருவர் அந்த நிர்வாகத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் வகுக்கிறார், இன்னொருவரின் புத்தகம் அதே நிர்வாகத்தில் கடைக்கு வரக்கூடாது. நட்பு முறியவில்லை. 2001-ல் ரமல்லாவில் இறந்த அபு-லுகோத்தை, அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்த காரணத்தால், இஸ்ரேலுக்குள் போய்விட்ட யாஃபாவிலேயே அடக்கம் செய்ய முடிந்தது. அந்த ஆண்டு சையித் எழுதிய நினைவுக் கட்டுரைக்கு 'என் குரு' என்று தலைப்பு.