வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் அரை வாடகையும்

அவைத் தலைவர் அவர்களே, விளக்கேற்றி வைத்த தாளாளர் அம்மையார் அவர்களே, வேலைகளுக்கிடையே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மண்டபக் குழுச் செயலர் அவர்களே (இவரைக் கடைசியில் மறுபடியும் கூப்பிடுவேன்), நாடக நண்பர்களே, வணக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமெச்சூர் நாடகக்காரர்களைப் பார்த்து எல்லோரும் எறியும் பழமொழி இது. ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ என்ற ஆங்கில நகைச்சுவை நாடகத்தைப் போட நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன்: தின்பண்டம், கைப்பை, சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருப்பது.

முதல் அங்கத்தில், அத்தைக்கென்று செய்துவைத்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை இரண்டு நாயகர்களில் ஒருவனான அல்ஜெர்னன் பேசிக்கொண்டே தின்று தீர்த்துவிட வேண்டும். வெள்ளரியை விதை நீக்கி, மெல்லிசாகச் சீவி, உப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பிழியுங்கள். இல்லாவிட்டால் ரொட்டி ஊறிக் கையோடு பிய்ந்து வரும். ஓரத்தை வெட்டிவிட்டு வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். வறண்ட ரொட்டி விக்கும். துண்டு ஒரே வாய்க்கு அடங்க வேண்டும். எதிராளி வசனத்தில் மெல்லணும், தன் வசனத்துக்கு முன் விழுங்கணும். இரண்டாம் அங்கத்தில் தின்னும் மஃபின் என்ற சிறு ரொட்டி தொண்டையை இன்னும் அடைக்கும். மெத்தென்ற கேக்கை அந்த வடிவத்தில் வெட்டி வையுங்கள். க்வெண்டலன் தேநீரில் வேண்டாமென்ற சர்க்கரையை, அவளோடு சண்டையிலிருக்கும் செசிலி நாலு கட்டி போடுகிறாளே, அங்கே இடுக்கி வழுக்கினால் காட்சியே போச்சு. பல் வைத்த இடுக்கியாக வாங்குங்கள்.

வெளியே நடந்த கூத்தையும் கேளுங்கள். 1895 பிப்ரவரி 14, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் முதல் காட்சி. கொட்டுகிற பனி. தன் மகன் வைல்டோடு பழகுவது பிடிக்காமல், வைல்டை அவமானப்படுத்தக் காய்கறிக் கட்டோடு வந்து நிற்கிறார் குயின்ஸ்பெரி பிரபு! அரங்கை நடத்தியவர் ஜார்ஜ் அலெக்சாண்டர். இன்னொரு நாயகன் ஜாக் வேடமும் அவர்தான். முன்னாடியே பிரபுவின் டிக்கெட்டை ரத்து செய்து, போலீசை நிறுத்திவிட்டார். பிரபு இந்த வாசலுக்குப் போகிறார், ‘கிடையாது’. அந்த வாசலுக்குப் போகிறார், ‘கிடையாது’. கடைசியில் காய்கறியை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினார். உள்ளே வெள்ளரிக்காய், வெளியே மிச்சக் காய்கறி! (சிரிப்பு)

கைப்பைக்கு வருவோம். குழந்தை ஜாக் கண்டெடுக்கப்பட்ட பை அது. அதைத் தொலைத்த மிஸ் பிரிசம் மூன்றாம் அங்கத்தில் அதன் அடிபட்ட தடத்தையும் உள்துணிக் கறையையும் காட்டி அடையாளம் சொல்வாள். புதுப்பை ஆகாது. மூன்றாவதான சிரிப்பு விஷயத்தை நேரமிருந்தால் சொல்கிறேன்.

அலெக்சாண்டர் கையில் அரங்கு இருந்தது. நமக்கு? செயலர் அவர்களே, நாடகத்தன்று மாலை நாலு மணிக்குத்தான் சாவி தருகிறீர்கள். அறை, தோட்டம், வீட்டுக்கூடம் என்று மூன்று செட்டை எப்போது மாற்றிப் பார்ப்பது? கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? முந்தைய இரண்டு நாளும் ஒத்திகைக்கு மேடை வேண்டும், அரை வாடகையில். கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைப்பார்.